மூணாம் நம்பர் கூண்டு: ஐப்பசி – கார்த்திகை கேள்வி பதில்

மழை பிடித்ததிலிருந்து நமக்கு வரும் அஞ்சலட்டைகளில் பாதி நனைந்தே வருகின்றன. மை கரைந்து போன கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை; அது வேறு துறையின் வேலை. படிக்க முடிந்தவற்றுக்கு மட்டும் இந்த வாரம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் புனைபெயரே.

*

கல்லூரி மாணவி, ராயபுரம்: ஐயா, ஆங்கிலப் பாடத்தில் இலையுதிர்காலம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. நம்ம ஊரில் அது எப்போது?

நம் மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில். அதனால் அந்தப் பெயரை இங்கே ஐப்பசிக்கு ஒட்டினால் பசை பிடிக்காது. ஐப்பசியும் கார்த்திகையும் தமிழுக்குக் கூதிர்காலம். கார் முடிந்து முன்பனி தொடங்குமுன் வரும் குளிர்ந்த மழைக்காலம். லண்டனில் மரம் உதிர்க்கிறது, இங்கே மேகம் உதிர்க்கிறது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் உதிரும். அதற்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் சீசன்.

*

குடை ரிப்பேர்க்காரர், பழைய வண்ணாரப்பேட்டை: "ஓரிரு இடங்களில் கனமழை" என்கிறார்களே, அந்த ஓரிரு இடம் எப்போதும் என் கடை வாசலாகவே இருப்பது ஏன்?

அது தொழில் ராசி, குறை சொல்லாதீர்கள். அந்தச் சொற்கள் வாய்க்கு வந்தபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்பங்குக்குள் நனைந்தால் "ஓரிரு இடங்களில்". முக்கால்பங்கைத் தாண்டினால் "பெரும்பாலான இடங்களில்". அதேபோல ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் தொட்டால்தான் கனமழை. 115.6 தொட்டால் மிக கனமழை. 204.4 தாண்டினால் அதி கனமழை. உங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்க இதில் எதுவுமே தேவையில்லை, சாதாரண மழையே போதும் என்பது தனிச் செய்தி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

*

நைட் ஷிப்ட் தொழிலாளி, மணலி: பகலெல்லாம் வெயில். நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து மழை. வருண பகவானுக்கும் எங்க சூப்பர்வைசருக்கும் ஏதாவது உறவா?

இருவருமே ராத்திரியில் ரவுண்டு வருகிறவர்கள். காரணம் இதுதான்: வாடைக்காலத்தில் காற்று கடலிலிருந்து ஈரத்தோடு கரைக்கு வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. குளிர்ந்த நிலத்திலிருந்து ஒரு மெல்லிய காற்று கடலைப் பார்த்துக் கிளம்பும். போகிற காற்றும் வருகிற காற்றும் கரையோரத்தில் முட்டிக்கொண்டு மேலே எழும்பும், மேகம் திரளும், நள்ளிரவுக்கு மேல் விடியும்வரை கொட்டும். பத்து மணிக்கெல்லாம் ஒன்றும் தெரியாதது போல வெயில் வந்துவிடும். அம்பத்தூர்க்காரர் "மழையா, எங்கே?" என்று கேட்பார். கரையோரத்தில் வாடகை கட்டுவதற்குக் கிடைக்கும் சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு, தண்டையார்பேட்டை: நாளைக்கு லீவா சார்?

நான் கலெக்டர் இல்லை, தம்பிகளா. ஆனால் இதை எழுதும்போது வெயில் அடிக்கிறது. வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவது நல்லது.

*

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்: "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பார்கள். டிசம்பரில் மூழ்கிய சென்னையைப் பார்த்த பிறகு இந்தப் பழமொழியை வாபஸ் வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள் ஐயா, பழமொழி தமிழ் நாட்காட்டியைப் பார்க்கிறது, நீங்கள் ஆங்கில நாட்காட்டியைப் பார்க்கிறீர்கள். ஊரை முழுக்கடித்த 2015 டிசம்பர் 1, கார்த்திகை நடுப்பகுதி. வர்தா புயல் கரையேறிய 2016 டிசம்பர் 12, கார்த்திகைக் கடைசி. மிக்ஜாம் கொட்டிய 2023 டிசம்பர் 4, அதுவும் கார்த்திகைதான். மூன்று முறையும் பழமொழி தப்பித்துக்கொண்டது. மாட்டிக்கொண்டது 2023 டிசம்பர் 17, 18-ல். மார்கழி பிறந்த கையோடு காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். கர்ணனுக்குப் பின் ஒரு கொடையாளி தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்திருக்கிறார். அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத்தான் பாத்திரம் இல்லை.

*

துறைமுகத் தொழிலாளி மகன், ராயபுரம்: "மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்தக் கூண்டில் யார் இருக்கிறார்கள்?

யாரும் இல்லை. எச்சரிக்கை மட்டும்தான் குடியிருக்கிறது. துறைமுகக் கம்பத்தில் பகலில் கூண்டு வடிவங்களும் இரவில் விளக்குகளும் ஏற்றுவது கப்பல்காரர்களுக்கான பாஷை. மொத்தம் 11 எண்கள். ஒன்று: தூரக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது. இரண்டு: அது புயலாகிவிட்டது, வெளியே போகிறவர்கள் பார்த்துப் போங்கள். மூன்று: துறைமுகத்திலேயே பலத்த காற்றோடு மழை அடிக்கலாம். நான்கு: துறைமுகத்துக்கே ஆபத்து, ஆனால் கடைசிக்கட்ட ஏற்பாடுகளில் இறங்கும் அளவுக்கு இன்னும் இல்லை.

ஐந்திலிருந்து பத்துவரை இரண்டு செட். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பேராபத்து. ஒவ்வொரு செட்டிலும் மூன்று எண் எதற்கு? புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் போகுமா, வலப்பக்கம் விட்டுப் போகுமா, நேராகத் தலைமேலேயே வருமா என்று சொல்வதற்கு. ஆகவே பத்து என்பது ஒன்பதைவிட மோசம் என்று அர்த்தமில்லை, திசைதான் வேறு. டிவியில் பரபரப்பாக எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பதினொன்று எனக்குப் பிடித்த எண். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். நம்ம தெருவில் கரண்ட் போய், டவர் போய், வார்டு கவுன்சிலர் போனும் அணைந்திருக்கும் ராத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான கூண்டு கிடையாது.

*

லாரி டிரைவர், எண்ணூர் விரைவுச் சாலை: புயல் வருதுன்னா எல்லாரும் வீட்டுக்குள்ள போறாங்க. துறைமுகத்துல மட்டும் கப்பலை வெளியே துரத்துறாங்களே, இன்னா நியாயம் சார் இது?

கப்பலுக்கு வீடு கடல்தான், அண்ணே. துறைமுகம் வந்துபோகும் லாட்ஜ். கட்டிப் போட்ட கப்பலைப் புயல் தூக்கித் தூக்கிச் சுவரில் மோதவைக்கும். கப்பலும் போகும், சுவரும் போகும். ஆழ்கடலில் இன்ஜினை ஓட்டி, அலைக்கு முகம் காட்டிச் சமாளிக்கலாம். இரண்டுக்கும் நடுவில், கரைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்பவர்தான் மாட்டிக்கொள்வார். 1966 நவம்பர் புயலில் ஸ்டமாடிஸ் என்ற கப்பல் மெரினாப் பக்கம் தரைதட்டியது. 2012 அக்டோபர் 31-ல் நிலம் புயல் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலைக் கொண்டுபோய்ப் பெசன்ட் நகர்ப் பக்கம் கரையில் உட்காரவைத்தது. அதன் பெயரிலேயே ஆறு இருந்தும் கரைசேர்ந்தது இப்படி.

*

வரலாற்று ஆர்வலர், மின்ட்: நம் துறைமுகத்துக்கும் ஐப்பசிக்கும் ஜாதகப் பொருத்தம் எப்படி?

எட்டாம் பொருத்தம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயர் விரட்டுமுன் அக்டோபர் நடுவில் புயல் வந்து அவருடைய கப்பல் படையைச் சிதறடித்தது. இந்தக் கரையில் ஐப்பசி பிறந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்பது அந்தக் கால மாலுமிகளுக்கெல்லாம் தெரிந்த பாடம். அவர் வெற்றிக் களிப்பில் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

அடுத்தது நம் துறைமுகம். 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் கல்லைக் கொட்டி இரண்டு கைகள் போல அலைதடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் ஒரு புயல். சுவர்களைப் புரட்டிப் போட்டது. இளவரசர் வைத்த கல் என்று புயலுக்கு யார் சொல்வது? மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 1890-களில்தான் முடித்தார்கள்.

*

தெருக்கோடி வீட்டுக்காரர், திருவொற்றியூர்க் குப்பம்: ஒவ்வொரு வாடைக்கும் கடல் எங்க வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வருது. மெரினாவுல மட்டும் கடலைப் பார்க்கவே ஆட்டோ பிடிக்கணும் போலிருக்கு. கடலுக்கும் ஓரவஞ்சனையா?

கடலுக்கு இல்லை அண்ணே, நடுவில் உட்கார்ந்திருக்கும் கல்லுக்கு. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக்காலத்தில் சில மாதம் திருப்பித் தெற்கே தள்ளும். வரவு செலவு பார்த்தால் மிச்சம் வடக்குக்குத்தான். துறைமுகச் சுவர் எழுந்ததும் அந்த மணல் தெற்கே முட்டி நின்றுவிட்டது. அதுதான் மெரினா. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை போட்டுப் பெயரும் வைத்தார்.

நமக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை தன் பங்கை எடுப்பதை நிறுத்தவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கருங்கல் கொட்டிக் கொட்டிக் கரையைப் பிடித்துவைத்திருப்பது அதனால்தான். ஓர் இடத்தில் கல் போட்டால் அரிப்பு அதற்கு வடக்கே நகர்கிறது என்பது குப்பத்தில் குழந்தைக்கும் தெரியும். அடுத்த முறை மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது கால் வைத்திருப்பது யார் வீட்டு மண் என்று யோசியுங்கள். கொஞ்சம் அள்ளி வந்தாலும் தப்பில்லை.

*

ஃபைபர் போட்டுக்காரர், காசிமேடு: எங்க தாத்தா காத்தைப் பார்த்தே சொல்லிடுவாரு. செல்போன்ல வேற மாதிரி வருது. யாரை நம்பறது?

இரண்டு பேரையும், ஆனால் வேறு வேறு விஷயத்துக்கு. வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த நீரோட்டம், எந்த மீன் என்று கணக்கு வைத்திருக்கும் தாத்தா, தான் நிற்கும் கரைக்கு நிபுணர். ஆனால் இருநூறு மைலுக்கு அப்பால் சுழலும் புயல் அவர் மூக்குக்கு எட்டாது. அதற்கு ராடார் வேண்டும். சென்னையின் டாப்ளர் ராடார் இருப்பது எங்கே தெரியுமா? நம்ம துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் மொட்டைமாடியில், 2002 முதல். நுங்கம்பாக்கம் வானிலை மையம் பேசுகிறது என்றாலும் பார்க்கிற கண் நம்ம பேட்டையில்தான் இருக்கிறது. "கடலுக்குப் போகாதே" என்று ராடார் சொன்னால் தாத்தாவையும் வீட்டிலேயே வையுங்கள்.

*

கார் உரிமையாளர், கொளத்தூர்: 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் கொடுத்தார்கள். மேம்பாலத்தில் கார் நிறுத்த இடம் பிடித்தேன். மறுநாள் தூறல்கூட இல்லை. நஷ்ட ஈடு யாரிடம் கேட்பது?

வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களை நாடே பார்த்தது. நீங்களும் அந்த அணியா? அந்தத் தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி ஆந்திரப் பக்கம் சாய்ந்துவிட்டது. கடலில் நூறு கிலோமீட்டர் விலகல் என்பது கணிப்பில் சின்னப் பிசகு. தரையில் அதுவே மூழ்குவதற்கும் முகம் கழுவுவதற்கும் உள்ள வித்தியாசம். டாக்டர் "பயப்பட ஒன்றுமில்லை" என்றால் ஸ்கேன் காசைத் திருப்பிக் கேட்போமா? அலர்ட் பொய்த்த நாளில் ஸ்வீட் வாங்கிச் சாப்பிடுங்கள்.

*

இல்லத்தரசி, வியாசர்பாடி: மழை வரப்போவதை முதலில் அறிவது எறும்பா, தட்டானா?

கணேசபுரம் சுரங்கப்பாதை.

*

பெயரியல் நிபுணர், புதுவண்ணாரப்பேட்டை: வர்தா, மிக்ஜாம், ஃபெங்கல், டிட்வா... புயலுக்கு நாக்கு சுளுக்காத ஒரு தமிழ்ப் பெயர் கூடாதா?

வந்துகொண்டிருக்கிறது. வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் தலைக்கு 13 என்று 169 பெயர்கள் கொடுத்திருக்கின்றன. வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். மிக்ஜாம் மியான்மர் கொடுத்தது, ஃபெங்கல் சவூதி அரேபியா, டிட்வா ஏமன். டிட்வாவுக்கு அடுத்த பெயர் வங்கதேசம் கொடுத்த அர்னாப். தொலைக்காட்சி விவாதங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதற்கு அடுத்தது இந்தியா கொடுத்த 'முரசு'. சுத்தத் தமிழ். தமிழ்ப் பெயர் என்பதற்காக நம்ம கரைக்குத்தான் வரவேண்டும் என்று மட்டும் யாரும் கோரிக்கை வைத்துவிடாதீர்கள்.

*

பக்தை, திருவொற்றியூர் தேரடி: கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போக வேண்டும். மழை விடுமா?

தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாற்றுவார்கள். அடைமழைக் காலத்தில் அவரே கவசத்தைக் கழற்றுகிறார். நீங்கள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

*

புள்ளிவிவரப் புலி, கொருக்குப்பேட்டை: ஒரே மாதத்தில் சென்னை கண்ட அதிகபட்ச மழை எவ்வளவு?

நுங்கம்பாக்கம் கணக்கில் நூறு சென்டிமீட்டர் என்ற கோட்டைத் தாண்டிய மாதங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1918 நவம்பர், 108.8. 2005 அக்டோபர், 107.8. 2015 நவம்பர், 104.9. பிறகு 2021 நவம்பர். முதல் இரண்டுக்கு நடுவில் 87 வருஷ இடைவெளி. அடுத்த இரண்டும் 16 வருஷத்துக்குள். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான். வருஷச் சம்பளத்தில் முக்கால்பங்கை ஒரே மாதத்தில் கொடுத்தால் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் ஊரிலும் நடக்கிறது: கொஞ்சம் சேமிப்பு, நிறைய விரயம், சித்திரையில் கடன்.

*

கணக்கு வாத்தியார், தண்டையார்பேட்டை: 20 சென்டிமீட்டர் மழை என்றால் வீட்டுக்கு எத்தனை குடம்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் மொட்டைமாடி 600 சதுர அடி என்றால் சுமார் 56 சதுர மீட்டர். 20 சென்டிமீட்டருக்கு 11,000 லிட்டருக்கு மேல் வருகிறது. ஒரு தண்ணி லாரி உங்கள் தலைமேல் வந்து நின்று, டோக்கனும் கேட்காமல், சண்டையும் போடாமல் திறந்துவிட்டுப் போயிருக்கிறது. 2019 கோடையில் காலிக்குடத்தோடு தெருவில் நின்றதை நினைத்துக்கொண்டு, மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

*

மளிகைக் கடைக்காரர், மணலி புதுநகர்: மழை விட்டு ரெண்டு நாள் ஆகி, வெயில் அடிக்கும்போது எங்க ஏரியாவுல வெள்ளம் வருது. இது எந்தக் கணக்கு?

பூண்டிக் கணக்கு, அண்ணாச்சி. உங்களுக்கு வருகிற தண்ணீர் உங்கள் தலையில் பெய்ததில்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டியது பூண்டி ஏரி. மேலே திருவள்ளூர்ப் பக்கமும் ஆந்திரப் பக்கமும் பெய்த மழை அங்கே சேர்கிறது. நிரம்பினால் திறக்கிறார்கள். அது தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டு தாண்டி உங்கள் புதுநகர் வழியாகத்தான் எண்ணூருக்கு வரவேண்டும். புழல் ஏரி உபரிநீரும் வடபெரும்பாக்கம், சடையங்குப்பம் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. நகரத்துக் கழிவைச் சுமந்துகொண்டு பக்கிங்ஹாம் கால்வாயும் அங்கேதான் வந்து நிற்கிறது.

மூன்று கல்யாண வீட்டுக் கூட்டமும் ஒரே வாசலில் வெளியேற வேண்டும். அந்த வாசல் எண்ணூர் முகத்துவாரம். அதில் மணல்திட்டு. கழிமுகத்தில் வருஷக்கணக்கில் படிந்த சாம்பல் சேறு. இரு பக்கமும் சதுப்பை நிரப்பிக் கட்டிய கட்டடங்கள். போதாததற்குப் புயல் நேரத்தில் கடல் வெளியிலிருந்து உள்ளே தள்ளும். கதவுக்கு உள்ளே கூட்டம், வெளியே கூட்டம், கதவோ ஒற்றைக் கதவு. தண்ணீர் உங்கள் கடையில் ஏறி நிற்காமல் வேறு எங்கே போகும்? வெயில் அடிக்கிறதே என்று அரிசி மூட்டையைக் கீழே இறக்காதீர்கள். வானத்தைப் பார்ப்பதைவிடப் பூண்டியில் எவ்வளவு திறந்தார்கள் என்று பாருங்கள்.

*

மீனவப் பெண், எண்ணூர் காட்டுக்குப்பம்: 2023 டிசம்பரை மறந்துட்டு வேலையைப் பாருங்கன்னு சொல்றாங்க. மறக்க முடியுமா சார்?

முடியாது அம்மா, மறக்கவும் கூடாது. அந்த மாதத்தில் இந்தக் கரை பார்த்ததைத் தேதிவாரியாக எழுதிவைப்போம்.

டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவில்லை. கரையை ஒட்டி வடக்கே மெல்ல ஊர்ந்தது. அந்த மெதுவுதான் வினை. வேகமாகப் போகிற புயல் காற்றால் அடிக்கும், ஊர்ந்து போகிற புயல் மழையால் அடிக்கும். ஐந்தாம் தேதி அது பாபட்லாவில் கரையேறியபோது நம் ஊர் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தது.

அந்த வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து மழைநீரோடு எண்ணெய் வெளியேறியதாகவும், மழைநீரைக் கையாளும் ஏற்பாடு அங்கே போதவில்லை என்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் புகுந்து, வலை, படகு, வீட்டுச் சுவர், கூழைக்கடாவின் இறக்கை எல்லாவற்றிலும் ஏறியது. உங்கள் குப்பத்து ஆண்கள் மார்பளவு தண்ணீரில் படகில் சாய்ந்துகொண்டு அதை மக்கு மக்காக அள்ளியதை நாடு முழுக்கப் படத்தில் பார்த்தது.

மாதம் அதோடு முடியவில்லை. டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 2004-ல் சுனாமி வந்ததும் அதே டிசம்பர் 26. பத்தொன்பது வருஷம் கழித்து அதே தேதியில் அதே கரை மறுபடி ஓடியது. இம்முறை கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது.

மழை அந்த மாதத்தில் ஒரு வாரத்துக்குள் முடிந்தது. மற்றதெல்லாம் மழையோடு சேர்த்து எழுதப்பட்டுவிட்டது. "புயல் பாதிப்பு" என்ற தலைப்பில் புயல் செய்யாத காரியங்களும் உட்கார்ந்திருந்தால் எடுத்துத் தனியாக வையுங்கள். புயலுக்கு வக்கீல் இல்லை என்பதற்காக எல்லாப் பழியையும் அதன்மேல் போடக்கூடாது.

*

பிளாஸ்டிக் கடைக்காரர், எண்ணூர்: இந்தப் பக்கம் வாளிக்கு எப்பவுமே நல்ல விற்பனை. காரணம் என்ன?

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளினோம். 2023-ல் மக்கிலும் வாளியிலும் அள்ளினோம். நடுவில் ராக்கெட்டெல்லாம் நிலாவில் இறங்கிவிட்டது. எண்ணெய் அள்ளும் தொழில்நுட்பம் மட்டும் உங்கள் கடையிலேயே நிற்கிறது. ஸ்டாக் வையுங்கள், ஆனால் விற்காமல் போகட்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். வியாபாரத்தைக் கெடுப்பதாக நினைக்காதீர்கள்.

*

ஆஸ்துமாக்காரர், மணலி: மழைக்காலத்தில் நல்லது என்று ஒன்றாவது உண்டா?

உண்டு. ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு மொட்டைமாடிக்கு வாருங்கள். தூசியெல்லாம் கழுவிவிட்டிருக்கும். மணலியிலிருந்து பார்த்தால் துறைமுகக் கிரேன்கள் தெளிவாகத் தெரியும். மூச்சை இழுத்து நுரையீரல் முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு லாரி கிளம்பிவிடும்.

*

ஐ.டி. ஊழியர், ஓ.எம்.ஆர்.: அம்மா எண்ணூரை விட்டு வரமாட்டேன் என்கிறார். மழைக்காலம் வந்தாலே எனக்குத் தூக்கம் போகிறது. என் அபார்ட்மென்டுக்கு வரச்சொல்லி நீங்களாவது எழுதுங்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் இருந்துகொண்டு, கழிமுகத்தின் ஓரத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு அறிவுரையா? 2015-லும் 2023-லும் உங்கள் பக்கமும் படகு ஓடியது, தம்பி. அம்மாவுக்காவது எந்தத் தெருவில் முதலில் ஏறும், எந்தத் திண்ணை கடைசிவரை நனையாது என்று தெரியும். உங்களுக்குச் செக்யூரிட்டியின் போன் நம்பர் மட்டும்தான் தெரியும். மழைக்குப் பயந்து வரச்சொன்னால் வரமாட்டார். பேரப்பிள்ளைக்கு நெத்திலிக் குழம்பு வைக்க ஆளில்லை என்று சொல்லிப் பாருங்கள். மார்கழி பிறந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவதாகச் சத்தியம் செய்தால் கூடுதல் பலன்.

*

எட்டாம் வகுப்பு மாணவி, கத்திவாக்கம்: சார், அறிவியல் கண்காட்சிக்கு மழைமானி செய்ய வேண்டும். எப்படிச் செய்வது? பரிசு கிடைக்குமா?

பக்கம் நேராக உள்ள கண்ணாடி ஜாடி ஒன்று எடுத்துக்கொள். வாய் அகன்று அடி குறுகியது கூடாது. வெளியில் ஒரு ஸ்கேலை ஒட்டு. மரமோ சுவரோ மறைக்காத இடத்தில், மொட்டைமாடி நடுவில் வை. காலை எட்டரை மணிக்கு அளவு பார்த்து எழுதிவிட்டு ஜாடியைக் காலி செய். மறுநாளும் அதே எட்டரை. நாடு முழுக்க வானிலை நிலையங்கள் அந்த நேரத்தில்தான் கணக்கு முடிக்கின்றன. உன் நோட்டும் நுங்கம்பாக்கம் நோட்டும் அப்போதுதான் ஒத்துப்போகும்.

இதுவரை எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள். நீ பக்கத்தில் இன்னொரு கட்டம் போடு. உங்கள் தெரு முனையில் ஒரு கம்பத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, மழை நின்ற பிறகு தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுது. அது என்ன நிறத்தில் இருந்தது, என்ன வாசனை அடித்தது என்றும் ஒரு வரி. இரண்டு சென்டிமீட்டர் மழைக்கு ஒரு நாள் தண்ணீர் நின்றதா, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மணி நேரத்தில் வடிந்ததா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். முதல் கட்டத்தை வானிலை மையம் உன்னைவிட நன்றாகவே எழுதிவைத்திருக்கும். இரண்டாவது கட்டத்தை உன் தெருவுக்கு இதுவரை யாரும் எழுதியதில்லை.

கண்காட்சிக்கு வருகிற அதிகாரி முதல் கட்டத்தைப் பார்த்துப் பாராட்டுவார். இரண்டாவதைப் பார்த்தால் கொஞ்சம் இருமுவார். பரிசு சந்தேகம்தான். நோட்டை மட்டும் பத்திரமாக வை, நனையாத பரணில்.